ஆன்டினூஸ்: பேரரசரின் துணைவன் தெய்வமானது எந்த வழியில்?

வாத்திகன் அருங்காட்சியகத்தில் ஓர் இளைஞனின் சிலை எகிப்திய அரசர்களின் தலைத்துணியும் இடையாடையும் அணிந்து ஒசைரிஸாக நிற்கிறது. அதே அருங்காட்சியகத்தின் வேறோர் அறையில் அதே முகம் ஐவிக் கொடி சூடி, மதுவின் தெய்வமான டயோனைசஸாக நிற்கிறது. ரோம் நகரின் மாசிமோ அரண்மனையில் உள்ள புடைப்புச் சிற்பத்திலோ அவன் கொடி கழிக்கும் வளைகத்தியைக் கையிலேந்தி, பக்கத்தில் நாயுடன், காட்டுத் தெய்வம் சில்வானுஸாகக் காட்சி தருகிறான். மூன்றும் ஆன்டினூஸ் என்னும் ஒரே ஆளின் உருவங்கள். அவன் ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் நேசத்துக்குரிய துணைவன், கி.பி. 130ஆம் ஆண்டு அக்டோபரில் நைல் நதியில் மூழ்கி இறந்தவன்.

“காதலனை இழந்த பேரரசர் அவனைக் கடவுளாக்கிவிட்டார்” என்று இச்செய்தி ஒரே வரியில் சொல்லப்படுவது வழக்கம். அந்த வரியில் பெரிய பொய் எதுவும் இல்லை. ஆனால் ‘ஆக்கிவிட்டார்’ என்ற வினைச்சொல் பல கேள்விகளை விழுங்கிவிடுகிறது. ஒருவரைத் தெய்வமாக அறிவிக்கும் அதிகாரம் ரோமில் யாரிடம் இருந்தது? அந்த அதிகாரம் ஆன்டினூஸ் விஷயத்தில் பயன்பட்டதா? பேரரசர் இறந்த பிறகும் அவ்வழிபாடு தொடர்ந்தது ஏன்? இவற்றைப் பிரித்துப் பார்த்தால், ஒரு மனிதரின் துயரத்தைவிட விரிவான ஒரு நிர்வாக, சமய ஏற்பாடு தெரியவரும்.

யார் இந்த ஆன்டினூஸ்

ஆன்டினூஸ் பிறந்த ஊர் பித்தினியா மாகாணத்தின் கிளாடியோபோலிஸ். பித்தினியம் என்பது அதன் பழைய பெயர். இன்றைய துருக்கியின் போலு நகரம் அவ்விடத்தில்தான் உள்ளது. அவன் கிரேக்கம் பேசும் ஊரின் பிள்ளை. ரோமப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்லன். பிறந்தநாள் நவம்பர் 27 என்பது ஒரு கல்வெட்டால் உறுதிப்படுகிறது. பிறந்த ஆண்டு 110ஐ ஒட்டியது எனக் கணிக்கப்படுகிறது. ஆகவே இறக்கும்போது அவனுக்கு ஏறத்தாழ இருபது வயது.

ஹேட்ரியன் 76ஆம் ஆண்டில் பிறந்து, 117 முதல் 138 வரை ஆண்டவர். ஆட்சிக் காலத்தில் பாதிக்கு மேல் தலைநகருக்கு வெளியே மாகாணங்களைச் சுற்றி வந்தவர். கிரேக்கக் கல்வியிலும் கலையிலும் பெரும் ஈடுபாடு கொண்டவர். மனைவி சபீனா, பிள்ளைகள் இல்லை. மூத்த ஆண் ஒருவர் இளைஞன் ஒருவனிடம் நேசம் பூண்டு அவனுக்கு வழிகாட்டியாகவும் இருப்பது பழைய கிரேக்க நகரங்களில் ஏற்கப்பட்டிருந்த உறவுமுறை. ஹேட்ரியன் தம் உறவை அந்த அச்சிலேயே உலகுக்குக் காட்டினார். ஆனால் ஒருவர் உலகின் பெரும்பகுதியை ஆளும் ஐம்பத்து நான்கு வயதுப் பேரரசர், மற்றவன் மாகாணத்து இளைஞன் என்ற ஏற்றத்தாழ்வில் இளையவனின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவன் பேசிய சொல் ஒன்றுகூட நம்மை வந்தடையவில்லை.

‘தெய்வம்’ என்ற ஒரே சொல்லின் சிக்கல்

தமிழில் தெய்வம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடியதை அக்கால மத்தியதரைக்கடல் உலகம் வெவ்வேறு தகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தது. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1. டிவுஸ். இது ரோம அரசு வழங்கும் தகுதி. இறந்த பேரரசருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ செனட் சபை தீர்மானம் நிறைவேற்றி இதனை அளிக்கும். அதன்பின் கோயில், பூசகர், அரசுச் செலவில் பலி ஆகியவை தொடரும். ஜூலியஸ் சீசர், அகஸ்டஸ், டிராஜன் ஆகியோர் இவ்வாறு உயர்த்தப்பட்டவர்கள். நான்கு மாதம்கூட நிறையாத நீரோவின் பெண்குழந்தைக்கும் 63ஆம் ஆண்டில் இத்தகுதி கிடைத்தது. ஆகவே வயதோ சாதனையோ தடையல்ல; அரச குடும்பத்து உறவும் செனட்டின் வாக்குமே தேவை.

2. ஹீரோஸ். கிரேக்க நகரங்களில், இறந்த பிறகும் தம் ஊருக்கு நன்மை செய்யும் ஆற்றல் உடையவராகக் கருதப்பட்ட மனிதருக்கு அளிக்கப்பட்ட தகுதி. நகரத்தை நிறுவியவர், போரில் மாண்டவர், இளமையில் இறந்தவர் எனப் பலருக்கும் இது கிடைத்தது. இதற்கு ரோமின் அனுமதி தேவையில்லை. ஊர்ச் சபை தீர்மானித்தால் போதும்.

3. தெயோஸ். கிரேக்கத்தில் முழுத் தெய்வத்தைக் குறிக்கும் சொல். உயிரோடிருக்கும் மன்னர்களையும் கிரேக்க நகரங்கள் இச்சொல்லால் அழைத்ததுண்டு. (தெயோஸ் என்பது நம் காதுக்குத் தெய்வம் போலவே ஒலித்தாலும் இரண்டுக்கும் வேர்த் தொடர்பு இல்லை. ‘தேவ’ என்னும் வடசொல்லுக்கு உறவானது லத்தீன் டிவுஸ்தான்.)

ஆன்டினூஸுக்கு முதல் தகுதி கிடைக்கவேயில்லை. அவனை டிவுஸ் என்று குறிக்கும் செனட் தீர்மானமும் இல்லை, ரோம அரசு நாணயமும் இல்லை. மாமியார் மட்டீடியா 119இல் இறந்தபோது அவரை முறைப்படி டிவுஸ் வரிசையில் சேர்த்து ரோமில் கோயிலும் எழுப்பிய ஹேட்ரியனுக்கு அவ்வழி தெரியாததல்ல. குடும்ப உறவு ஏதும் இல்லாத மாகாணத்து இளைஞனுக்காக அதே கதவைத் தட்டியிருந்தால் செனட்டர்களின் முகம் எப்படிப் போயிருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருக்கும். எனவே ஆன்டினூஸின் தெய்வத்தன்மை ரோமைச் சுற்றிக்கொண்டு, எகிப்து வழியாகவும் கிரேக்க நகரங்கள் வழியாகவும் வந்தது.

நைல் நதியில் நடந்தது

130ஆம் ஆண்டில் ஹேட்ரியன் பெரும் பரிவாரத்துடன் எகிப்து வந்தார். அலெக்சாந்திரியாவில் தங்கியபின், மேற்குப் பாலைநிலத்தில் அவரும் ஆன்டினூஸும் சிங்க வேட்டையாடினர். அதன்பின் நைல் நதியில் தெற்கு நோக்கிப் படகுப் பயணம். ஹெர்மோபோலிஸ் நகருக்கு எதிர்க்கரையை ஒட்டி அக்டோபர் மாத இறுதியில் ஆன்டினூஸ் நீரில் மூழ்கி இறந்தான். எப்படி என்பதில் பழைய ஆசிரியர்கள் மூன்று விதமாகப் பிரிகின்றனர்.

1. தவறி விழுந்தான். இது ஹேட்ரியனே எழுதிய கூற்று. அவர் எழுதியது அழிந்துவிட்டது, இம்மரணத்தைப் பற்றிப் பிறர் எடுத்தாண்ட இந்த ஒரு வரி மட்டும் எஞ்சியுள்ளது.

2. பலியிடப்பட்டான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ, ஹேட்ரியனின் கூற்றைச் சொல்லிவிட்டு, உண்மை இதுதான் என்று பலியைக் குறிப்பிடுகிறார்.

3. தானாகவே உயிர் கொடுத்தான். பேரரசரின் ஆயுளை நீட்டிக்க ஒருவர் மனமுவந்து இறக்க வேண்டும் என்று மந்திரவாதிகள் கூறியதாகவும், மற்றவர் பின்வாங்க ஆன்டினூஸ் முன்வந்ததாகவும் நான்காம் நூற்றாண்டின் ஆரேலியஸ் விக்டர் எழுதுகிறார்.

காலம் தள்ளிப்போகப் போகக் கதையில் மந்திரமும் தியாகமும் கூடிக்கொண்டே வருவதைக் கவனித்தால், முதல் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. அதேநேரம் அது வழக்கில் சம்பந்தப்பட்டவரே கொடுத்த வாக்குமூலம் என்பதும் உண்மை. ஹேட்ரியன் அழுதார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. ‘பெண்ணைப் போல அழுதார்’ என்று எழுதும் ரோம வரலாற்றாசிரியரின் ஏளனத்தில், ஆண் அழக் கூடாது என்ற அக்காலத் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. தம் சகோதரி பவுலினா இறந்தபோது உடனே எந்தச் சிறப்பும் செய்யாதவர் இவனுக்கு இத்தனை செய்தாரே என்றும் ரோமில் அவரைப் பழித்தனர்.

மூன்று வாரங்களுக்குப் பின், நவம்பரில், பரிவாரம் தீப்ஸ் நகரின் மெம்னோன் சிலையைக் காணச் சென்றது. உடன் சென்ற புலமையாட்டி ஜூலியா பால்பில்லா பாடிய கிரேக்கச் செய்யுள்கள் அச்சிலையின் காலில் இன்றும் காணக் கிடைக்கின்றன. ஹேட்ரியனையும் சபீனாவையும் பாடும் அவற்றில் ஆன்டினூஸின் பெயர் இல்லை.

எகிப்து: நீர் கொண்டவர் புனிதர்

எகிப்திய மரபில் ஒசைரிஸ் என்னும் தெய்வம் கொலையுண்டு நைலில் இடப்பட்டு மீண்டும் உயிர்த்தவர். எனவே நைலில் மூழ்கி இறந்தவர் ஒசைரிஸோடு ஒன்றானவர் என்ற நம்பிக்கை அங்கே நெடுங்காலமாக இருந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்: நதி கொண்டவரின் உடல் எந்த ஊரில் ஒதுங்குகிறதோ அவ்வூரார் அதைப் பதப்படுத்திப் புனித இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும், உறவினரும் தொடலாகாது, நைலின் பூசகர் மட்டுமே, மனிதருக்கு மேற்பட்ட ஒன்றாகக் கருதி, அவ்வுடலைத் தொடுவர்.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட நம்பிக்கையல்ல. நைலில் மூழ்கியதாகக் கருதப்படும் பெதேசி, பிகோர் என்னும் நூபியச் சகோதரர் இருவருக்கு அகஸ்டஸ் காலத்தில் தெந்தூரில் கட்டப்பட்ட கோயில், அணை நீரில் மூழ்காமல் பெயர்த்தெடுக்கப்பட்டு, இன்று நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது. ஆக, ஆன்டினூஸ் இறந்த கணத்திலேயே எகிப்தியர் பார்வையில் அவனுக்கு ஒரு புனிதத் தகுதி கிடைத்துவிட்டது. அதைப் பேரரசர் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை, பெரிதாக்கினால் போதும்.

பெரிதாக்கியதன் சான்று ரோமின் பிஞ்சோ குன்றில் நிற்கிறது: 9 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள கிரானைட் கல் தூணொன்று, நான்கு முகங்களிலும் எகிப்திய சித்திர எழுத்துகளுடன். ஒசிரான்டினூஸ் என்று ஒசைரிஸின் பெயரும் அவன் பெயரும் இணைத்தே எழுதப்பட்டுள்ளன. அவன் வேண்டுவோரின் குரலைக் கேட்கிறான், கனவில் தோன்றி நோயைத் தீர்க்கிறான் என்கிறது அதன் வாசகம்.

ஒரு நகரமும் அதன் சலுகைகளும்

130ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று, அவன் இறந்த கரையில், ஆன்டினூபோலிஸ் என்ற புதிய கிரேக்க நகரம் நிறுவப்பட்டது. துயரத்தில் எழுந்த முடிவு என்று மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் விளங்கும். எகிப்தில் அதுவரை கிரேக்க நகரத் தகுதி பெற்றிருந்தவை அலெக்சாந்திரியா, நவுக்ராட்டிஸ், தொலெமாயிஸ் ஆகிய மூன்றே. நாட்டின் நடுப்பகுதியில் கிரேக்கப் பண்பாட்டுக்கு ஒரு மையம் வேண்டும் என்பது ஆட்சிக்கும் பயனுள்ள எண்ணம்தான்.

ஆனால் வெறும் ஆற்றங்கரைக்கு யார் குடிவருவார்? அதற்காகத் தாராளமான சலுகைகள் தரப்பட்டன. பாப்பிரஸ் ஆவணங்கள் அவற்றை விரிவாகவே காட்டுகின்றன.

1. நவுக்ராட்டிஸின் சட்டங்களே இங்கும் வழங்கின. ஆனால் அங்கு இல்லாத ஓர் உரிமை இங்கு உண்டு. இந்நகரக் குடிமக்கள் எகிப்தியரை மணக்கலாம். கிரேக்கரையும் எகிப்தியரையும் சட்டத்தால் கவனமாகப் பிரித்து வைத்திருந்த ஒரு மாகாணத்தில் இது சிறிய மாற்றமல்ல.

2. வரித்தண்டல், அரசு நிலக் காவல் போன்று பிற ஊர்களில் கட்டாயமாகச் சுமத்தப்பட்ட பொதுப் பணிகளிலிருந்து விலக்கு கிடைத்தது. இவை சொந்தப் பணத்தைக் கரைக்கும் பணிகள் என்பதால், விலக்கு என்பது வரிச்சலுகைக்கு ஒப்பானது.

3. குடிமக்களின் குழந்தைகள் வளர்ப்புக்கு ஹேட்ரியன் ஒரு நிதியம் வைத்தார். பிறந்து 30 நாட்களுக்குள் குழந்தையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி.

ஃபயூம் பகுதியில் ‘6475 கிரேக்கர்’ என்ற பெயரிலேயே அறியப்பட்ட குழுவிலிருந்தும், தொலெமாயிஸிலிருந்தும் குடியேறிகள் வந்தனர். குடிமக்கள் பிரிக்கப்பட்ட குலங்களில் ஒன்றுக்கு ஒசிரான்டினூஸின் பெயர். மற்றொன்றுக்குச் சபீனாவின் பெயர். ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டிகளும் நடந்தன. ஒருவர் தம் குடியுரிமையை எழுதும்போதெல்லாம், மணம் முடிக்கும்போதெல்லாம், பிள்ளைக்குப் பணம் வாங்கும்போதெல்லாம் ஆன்டினூஸின் பெயர் உடன் வந்தது. ஹேட்ரியன் மறைந்து பல தலைமுறைகளுக்குப் பின்னும் அந்நகரத்தார் இச்சலுகைகளைச் சுட்டி வழக்காடிக்கொண்டிருந்தனர்.

இந்நகரிலிருந்து செங்கடலை அடைந்து, கரையோரமாகத் தெற்கே பெரெனிகே துறைமுகம் வரை செல்லும் ஹேட்ரியன் சாலை 137இல் முடிந்தது. முசிறியின் மிளகு இறங்கிய துறைகளில் ஒன்று பெரெனிகே. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானையோடும் அங்கே கிடைத்திருக்கிறது.

கிரேக்க நகரங்கள் ஏற்றது ஏன்

ஆணை போட்டார், பயந்து வணங்கினர் என்பது எதிரிகளின் விளக்கம். பேரரசரை மகிழ்விக்கும் நோக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. அலெக்சாந்திரியப் புலவர் பங்கிராட்டேஸ், ஹேட்ரியன் வேட்டையாடிய சிங்கத்தின் குருதி பட்ட மண்ணில் முளைத்ததென்று செந்தாமரை ஒன்றைக் காட்டி, அதற்கு ஆன்டினூஸின் பெயரையே இடலாம் என்றார்; அவருக்கு அலெக்சாந்திரியக் கலைக்கழகத்தில் அரசுச் செலவில் உணவு கிடைத்தது. எந்த அரசவைப் புலவருக்கும் புரியக்கூடிய கணக்கு இது.

ஆயினும் நகரங்களுக்கு வேறு காரணங்களும் இருந்தன. கிரேக்கத்தின் மாந்தினியாவை எடுத்துக்கொள்வோம். பித்தினியம் மக்கள் தங்கள் மூதாதையர் ஆர்க்கேடியாவின் மாந்தினியாவிலிருந்து வந்தவர்கள் என்று நம்பினர். எனவே ஆன்டினூஸ் மாந்தினியாவுக்கும் ‘நம்ம ஊர்ப் பிள்ளை’ ஆனான். அவனுக்குக் கோயில், ஆண்டுதோறும் மறைச் சடங்கு, நான்கு ஆண்டுக்கொருமுறை விளையாட்டு விழா ஆகியவை அங்கே நடந்ததைக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசேனியஸ் நேரில் கண்டு எழுதுகிறார். ஆன்டினூஸை உயிருடன் தாம் பார்த்ததில்லை என்றும், சிலையிலும் ஓவியத்திலுமே கண்டதாகவும் சேர்த்துச் சொல்கிறார். மாசிடோனிய மன்னர் காலத்தில் ஆன்டிகோனியா என்று மாற்றப்பட்டிருந்த அவ்வூரின் பெயரை மீண்டும் மாந்தினியா ஆக்கியவரும் ஹேட்ரியனே. சிறிய ஊர் ஒன்றுக்குப் பழம்பெயரும், புதுவிழாவும், வெளியூர்க் கூட்டமும் ஒருசேர வந்தன.

முப்பதுக்கு மேற்பட்ட நகரங்கள் அவன் உருவத்துடன் நாணயமோ பதக்கமோ வெளியிட்டன. சிலவற்றில் அவன் ஹீரோஸ், சிலவற்றில் தெயோஸ். முகம் ஒன்றாக இருக்க, உடையும் சின்னமும் ஊருக்கு ஊர் மாறின. இன்று அடையாளம் காணப்பட்டுள்ள ஏறத்தாழ நூறு சிலைகளிலும் இதே நிலைதான்: நெற்றியில் அடர்ந்து விழும் சுருள்முடி, சற்றே தாழ்ந்த பார்வை, தடித்த இதழ், அகன்ற மார்பு. ஏதோவொரு மூலச் சிலையின் அச்சு பேரரசெங்கும் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அதற்கு எந்தத் தெய்வத்தின் வேடம் பூட்டுவது என்பதை உள்ளூரே முடிவு செய்தது.

லனுவியத்தின் ஈமச் சங்கம்

அரசவைக்கும் நகரப் பெருமைக்கும் அப்பால், எளியவர்களிடம் இவ்வழிபாடு என்னவாக இருந்தது என்பதைக் காட்டும் சான்று ரோமுக்குத் தெற்கே லனுவியத்தில் கிடைத்தது. ‘டயானா, ஆன்டினூஸ் வழிபாட்டாளர் சங்கம்’ 133ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று தொடங்கப்பட்டது. 136இல் அதன் விதிகள் ஆன்டினூஸ் கோயிலில் கல்லில் வெட்டப்பட்டன. உறுப்பினர்களில் அடிமைகளும் இருந்தனர்.

சங்கத்தின் வேலை இறந்தவரை முறையாக அடக்கம் செய்வது. சேரும்போது 100 செஸ்டர்ஸ் என்னும் ரோம நாணயமும் ஒரு சாடி நல்ல மதுவும் தர வேண்டும். பிறகு மாதம் 5 அஸ் என்னும் சிறு காசு சந்தா. ஒரு செஸ்டர்ஸுக்கு 4 அஸ் என்பதால் ஆண்டுக்கு 15 செஸ்டர்ஸ். உறுப்பினர் இறந்தால் ஈமச் செலவுக்கு 300 செஸ்டர்ஸ் கிடைக்கும். அதில் 50 ஊர்வலத்தில் நடந்து வருவோருக்கு. சேர்ப்புக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், ஒருவர் 13 ஆண்டுகளுக்கு மேல் சந்தா கட்டினால்தான் போட்டதும் எடுப்பதும் சமமாகும். தொடர்ந்து ஆறு மாதம் கட்டாதவருக்கு ஒன்றும் கிடையாது. தற்கொலை செய்துகொண்டவருக்கும் கிடையாது. இறந்த அடிமையின் உடலை எசமானர் தர மறுத்தால், உருவம் வைத்தாவது ஈமச் சடங்கு நடத்தப்படும்.

டயானாவுக்கு ஆகஸ்ட் 13, ஆன்டினூஸுக்கு நவம்பர் 27 என விருந்து நாட்கள் குறிக்கப்பட்டன. அவனது பிறந்தநாள் நமக்குத் தெரிவது இக்கல்லால்தான். விருந்தில் ஆளுக்கு 2 அஸ் விலையுள்ள ரொட்டியும் நான்கு மத்தி மீனும். சண்டை போட எழுந்து இடம் மாறி உட்கார்ந்தால் 4 செஸ்டர்ஸ் தண்டம். சக உறுப்பினரை ஏசினால் 12.

இவர்களுக்கு ஹேட்ரியனின் காதலைப் பற்றி அக்கறை இருந்திருக்கத் தேவையில்லை. இளமையில் இறந்து, இறப்பைக் கடந்துவிட்ட ஒருவன், பிணத்துக்கு உரிய மரியாதையை எண்ணிக் கவலைப்படும் மக்களின் சங்கத்துக்குக் காவல் தெய்வமாக இருப்பது இயல்பாகவே பொருந்தியது. அவ்வழிபாட்டில் நிலைத்து நிற்கக்கூடியதாக இருந்த பகுதி இதுதான் என்பது என் கருத்து.

எதிர்ப்பு

கிறிஸ்தவ எழுத்தாளர்களுக்கு ஆன்டினூஸ் கைக்கு அகப்பட்ட எடுத்துக்காட்டானான். 155ஐ ஒட்டி எழுதிய ஜஸ்டின், நேற்றுவரை உயிரோடிருந்தவனை, அவன் யாரென்று தெரிந்தே, பயத்தால் எல்லாரும் வணங்குகிறார்கள் என்றார். மறுபுறம், கிறிஸ்தவத்தைத் தாக்கிய செல்சஸ், இயேசு வழிபாடும் ஆன்டினூஸ் வழிபாடும் ஒரே வகைதான் என்ற பொருளில் ஒப்பிட்டார். மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜன் இதற்கு விரிவாக மறுப்பு எழுத வேண்டியிருந்தது. நூறாண்டு கழித்தும் பதில் சொல்ல வேண்டிய அளவுக்கு அவ்வழிபாடு உயிரோடிருந்தது என்பதற்கு இம்மறுப்பே சாட்சி.

ரோமின் அதிகாரபூர்வ வழியில் ஹேட்ரியனுக்கே தெய்வத்தகுதி எளிதில் கிடைக்கவில்லை. 138இல் அவர் இறந்தபோது செனட் தயங்கியது. அடுத்து வந்த அந்தோனினுஸ் பியுஸ் வற்புறுத்திய பிறகே அவர் டிவுஸ் ஆனார்.

எஞ்சியவை

ஆன்டினூபோலிஸின் தூண்களையும் வளைவுகளையும் நெப்போலியனுடன் வந்த அறிஞர்கள் வரைந்து வைத்தனர். சில பத்தாண்டுகளுக்குள் அக்கற்கள் ஆலைக் கட்டடங்களுக்கும் சுண்ணாம்புச் சூளைகளுக்கும் போய்விட்டன.

வானில் இருந்த இடம் இன்னும் நெடுநாள் நீடித்தது. புதிதாகத் தோன்றிய விண்மீன் ஒன்றை ஆன்டினூஸ் என்று ஹேட்ரியன் நம்பினார். கழுகு மண்டலத்தை ஒட்டிய சில விண்மீன்களைப் பண்டைய வானியலாளர் டாலமியும் அப்பெயரால் குறித்தார். 16ஆம் நூற்றாண்டின் வான்கோளங்களில் அது தனி மண்டலமாக வரையப்பட்டது. வானியலாளர் டைகோ பிராகியின் பட்டியலிலும் இடம்பெற்றது. 1784இல் எட்வர்ட் பிகட் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தபோது அதற்கு எட்டா ஆன்டினோயி என்றே பெயர். 20ஆம் நூற்றாண்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் 88 மண்டலங்களை வகுத்தபோது ஆன்டினூஸ் அவற்றில் இல்லை. அந்த விண்மீன் இப்போது எட்டா அக்விலே, கழுகின் கணக்கில் இருக்கிறது.